ஒரு ஸ்டாப்பரின் பிழைப்பு: சந்தேஷ் ஜிங்கனின் ஆட்ட வாழ்க்கையும் நெல்லைப் பிள்ளைகளும்

2020 நவம்பர் 20, கோவாவின் பாம்போலிம் ஜிஎம்சி ஸ்டேடியம். கொரோனா காலம், கேலரி காலி. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஏழாவது சீசனின் முதல் ஆட்டத்தில் ஏடிகே மோகன் பகானும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. மோகன் பகானின் பின்வரிசையில் இந்திய அணியின் ஸ்டாப்பர், அதாவது நடுப் பின்வரிசைக்காரர், சந்தேஷ் ஜிங்கன் இருந்தார். முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுந்து, 13 மாதத்துக்கு மேல் போட்டி ஆட்டம் எதுவும் ஆடாமல் இருந்தவர் அன்றைக்குத்தான் திரும்ப இறங்கினார். அதே அணியில் இடது விங்-பேக்காக நின்றவர் மைக்கேல் சூசைராஜ், குமரிக் கடற்கரையின் இரவிப்புத்தன்துறைக்காரர். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, சூசைராஜ் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். சுபாஷிஷ் போஸ் உள்ளே வந்தார். ராய் கிருஷ்ணாவின் ஒரே கோலில் மோகன் பகான் ஜெயித்தது. சூசைராஜுக்கு அந்த சீசன் முதல் நாளோடு முடிந்தது.

ஒரே அணி, ஒரே ஆட்டம். ஒருவர் மூட்டைச் சரிசெய்துகொண்டு திரும்புகிறார், இன்னொருவர் மூட்டோடு போகிறார். டிஃபெண்டராகப் பிழைக்க நினைக்கிற பையனுக்கு விளங்கவேண்டிய விஷயம் இதற்குள் இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் பத்து ஆட்டம் சும்மா நின்றுவிட்டுப் பதினோராவது ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டால் ஊர் தூக்கிவைத்துக் கொண்டாடும். ஸ்டாப்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. சனிக்கிழமை சனிக்கிழமை அதே இடத்தில், அதே பக்கத்து ஆளோடு, 90 நிமிடம் நிற்க அவன் கிடைக்கிறானா என்றுதான் கோச் பார்ப்பார். அப்படிக் கிடைக்க விடாமல் பண்ணுபவை மூன்று: காயம், அட்டை, காகிதம் (ஒப்பந்தம், பதிவு, சான்றிதழ்). ஜிங்கனின் வாழ்க்கையில் காயமும் அட்டையும் ஊரறிய நடந்திருக்கின்றன. அதனால்தான் அவரை ஆய்வுக்கு எடுத்தோம், பதக்கக் கணக்குக்காக அல்ல.

சண்டிகரிலிருந்து கொச்சிக்கு

1993 ஜூலை 21 அன்று சண்டிகரில் பிறந்தவர். அங்கேயே செயின்ட் ஸ்டீபன்ஸ் அகாடமியில் பயிற்சி. சண்டிகர் ஒன்றும் கால்பந்துக்குப் பேர்போன ஊர் இல்லை. அவருடைய முதல் கிளப் முன்னாள் இந்தியக் கேப்டன் பைச்சுங் பூட்டியாவின் யுனைடெட் சிக்கிம். அப்போது அது அன்றைய தேசிய லீக்கான ஐ-லீக்கின் இரண்டாம் டிவிஷனில் இருந்தது, 2012ல் மேலேறியது. வீட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில், கீழ் டிவிஷனில் ஆரம்பித்தாலும் அங்கே பெஞ்சில் உட்காராமல் ஆட முடிந்தது. 18, 19 வயதில் ஸ்டாப்பருக்குத் தேவையானது அந்த ஆட்ட நிமிடங்கள்தான். பெரிய கிளப்பின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தால் கண் பழகாது.

2014ல் ஐஎஸ்எல் தொடங்கியபோது கேரளா பிளாஸ்டர்ஸ் எடுத்தது. முதல் சீசனிலேயே வளரும் ஆட்டக்காரர் விருது. அந்த அணி இறுதி ஆட்டம் வரை போய்க் கொல்கத்தாவிடம் 0-1 என்று தோற்றது. அந்த நாள் ஐஎஸ்எல் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச மாதங்களில் ஸ்போர்ட்டிங் கோவா, டிஎஸ்கே சிவாஜியன்ஸ், பெங்களூரு எஃப்சி என்று ஐ-லீக் கிளப்புகளில் ஆடினார். பெங்களூருவோடு 2017 ஃபெடரேஷன் கப் கிடைத்தது. 2015ல் இந்திய அணிக்குள் வந்தார்.

2016 சீசனில் பிளாஸ்டர்ஸின் நடுவில் வட அயர்லாந்துக்காக 100 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய ஏரன் ஹியூஸும் பிரெஞ்சுக்காரர் செட்ரிக் ஹெங்பார்ட்டும் நின்றார்கள். ஜிங்கன் பெரும்பாலும் ரைட் பேக், அதாவது பின்வரிசையின் வலது ஓரம். நம் பக்கத்துப் பையனை ஸ்டாப்பரிலிருந்து ரைட் பேக்குக்குத் தள்ளினால் அப்பா கிரவுண்டுக்கே வந்து கோச்சிடம் சண்டை போடுவார். உண்மையில் அது தண்டனை இல்லை. கோட்டுப் பக்கம் ஆடும்போது ஒரு பக்கத்தைக் கோடே காத்துக்கொள்ளும், உடம்பை எந்தப் பக்கம் திருப்பி நிற்பது என்பது காலுக்குத் தானாக ஏறும். நடுவில் நிற்கும் அனுபவசாலி எப்போது முன்னே வருகிறார், எப்போது பின்வாங்குகிறார் என்பதைப் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்க்கலாம். அடுத்த சீசனிலேயே ஜிங்கன் அந்த அணியின் கேப்டன்.

மணலில் பழகிய கால்

நெல்லைச் சீமையில் டிஃபெண்டர்கள் உருவாகிற இடம் இரண்டு. ஒன்று உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை, பெருமணல் என்று நீளும் கடற்கரை. இன்னொன்று பாளையங்கோட்டையின் பள்ளி, கல்லூரி கிரவுண்டுகள். கடற்கரைப் பையனுக்குக் கெண்டைக்காலும் தொடையும் இரும்பு. மணலில் ஓடி ஓடி வந்த பலம். தலையால் முட்டுவதில் பயம் கிடையாது. ஒற்றைக்கு ஒற்றை நின்றால் எளிதில் தாண்டிப் போக முடியாது. ஆனால் பல்கலைக்கழக அணித் தேர்விலும் சென்னை லீக்கிலும் அவன் தடுமாறுவதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு.

திருவிழாக் கோப்பைகளில் பாதிக்கு மேல் எழுவர் ஆட்டம். பெரும்பாலும் ஆஃப்சைடு (கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிற்பவனுக்குப் பந்து கொடுக்கக்கூடாது என்கிற விதி) பார்ப்பதில்லை. ஆஃப்சைடு இல்லையென்றால் கடைசி ஆள் ஸ்ட்ரைக்கரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் சரி. எதிராளி கோல்கீப்பர் பக்கத்தில் போய் நின்றாலும் கூடவே போகவேண்டும். அதே பழக்கத்தோடு 105-க்கு 68 மீட்டர் கிரவுண்டில் பதினொருவர் ஆட்டத்துக்கு வந்தால், பின்வரிசையின் மற்ற மூன்று பேக்குகள் முன்னேறி ஒரே வரிசையாக லைன் பிடிக்கும்போது இவன் ஒருவன் மட்டும் ஐந்து மீட்டர் பின்னால் நின்று எல்லோரையும் ஆன்சைடாக்கிவிடுவான். கோல் விழும். "ஆளை விடலியே நான், கூடவேதான நின்னேன்" என்பான். அவன் சொல்வது பொய்யில்லை, அவன் கற்ற ஆட்டத்தின் கணக்கு அது.

இரண்டாவது, பந்தின் வேகம். மணலில் பந்து செத்து நிற்கும். டிஃபெண்டர் நேராக, இரண்டு பாதமும் எதிராளியைப் பார்க்க நின்று காத்திருக்கலாம். புல்லிலும் டர்ஃபிலும் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். நேராக நின்றவன் திரும்பி ஓட இரண்டு எட்டு கூடுதலாக எடுப்பான், அதற்குள் ஸ்ட்ரைக்கர் தாண்டியிருப்பான். பக்கவாட்டில் அரைத் திருப்பம், ஒரு கால் முன்னே, எதிராளியிடமிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளி, பார்வை பந்தில். இதைப் புதிதாகப் பழக்கவேண்டும்.

லைன் பிடிப்பதைப் பழக்க ஒரு கயிறு போதும். நான்கு பேக்குகளை நிறுத்தி, ஒருவர் இடுப்பிலிருந்து அடுத்தவர் இடுப்புக்கு 8 முதல் 10 மீட்டர் கயிறு. இறுகவும் கூடாது, தரையில் இழுபடவும் கூடாது. எதிரே ஆறு பேர் பந்தைக் கையால் மெதுவாகப் பக்கவாட்டில் மாற்றவேண்டும். பந்து வலப்பக்கம் போனால் நால்வரும் வலப்பக்கம் நகர்வார்கள். பந்து வைத்திருப்பவன் மேல் நெருக்கடி இல்லாமல் அவன் தலை நிமிர்ந்தால் நால்வரும் மூன்று நான்கு எட்டு பின்வாங்கவேண்டும். பந்து பின்னுக்குப் போனாலோ, வைத்திருப்பவன் முதுகு காட்டினாலோ நால்வரும் ஒன்றாக முன்னே ஏறவேண்டும். 6 நிமிடம் வீதம் 4 சுற்று, இடையில் 2 நிமிடம் ஓய்வு. முதல் வாரம் கயிறு காலில் சிக்கி விழுவார்கள், பரவாயில்லை. ஓட்டம் கூட்டும் முன் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். வேக ஓட்டத்தில் கயிறு கட்டியிருந்தால் அதுவே காயம். சத்தம் போட ஒரே ஒருவர்தான், அவர் இரு ஸ்டாப்பர்களில் ஒருவர். "ஏறு", "இறங்கு", "நில்லு" என்று மூன்று சொல் போதும். நாலு பேரும் கத்துகிற பின்வரிசையில் யாரும் கேட்பதில்லை.

ஜிங்கன் ஆட்டத்தில் டாக்கிளைவிடக் கவனிக்கவேண்டியது அந்தக் கைச்சைகையும் கத்தலும்தான். 2019 செப்டம்பர் 10 அன்று தோஹாவில் கத்தாரோடு இந்தியா 0-0 என்று டிரா எடுத்த ஆட்டம். ஆசியக் கோப்பையை அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் கத்தார் ஜெயித்திருந்தது. சுனில் சேத்ரி இல்லை. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவின் கைகளைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், நியாயம்தான். அவருக்கு முன்னால் ஜிங்கனும் ஆதில் கானும் பெட்டிக்குள் நெருக்கமாக நின்று, ஓரத்திலிருந்து வருகிற கிராஸை எல்லாம் உயரமாக, தூரமாக, பக்கவாட்டில் வெளியேற்றினார்கள். நடுவில் போட்ட கிளியரன்ஸ் எதிராளியின் காலில் விழும். கோட்டுப் பக்கம் போட்டால் குறைந்தது லைன் ஏற நேரம் கிடைக்கும்.

மூட்டு

ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2019 அக்டோபர் 9, கவுகாத்தியில் இந்திய அணிக்கும் நார்த்ஈஸ்ட் யுனைடெடுக்கும் பயிற்சி ஆட்டம். ஜிங்கனின் முழங்காலில் ஏசிஎல் போனது. ஆறு நாள் கழித்துக் கொல்கத்தாவில் வங்கதேசத்தோடு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். இந்தியா 1-1 என்று தப்பித்தது, கடைசி நேரத்தில் சமன் செய்தவர் ஆதில் கான். ஜிங்கனுக்கு அறுவை, 2019-20 சீசன் முழுக்கப் போயிற்று.

டிஃபெண்டருக்கு இந்தத் தசைநார் ஏன் இப்படி அறுகிறது? பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே. பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று திரும்புகிறான். பாதம் தரையில் ஊன்றியிருக்கிறது, முழங்கால் கொஞ்சம்தான் மடங்கியிருக்கிறது, உடம்பு திரும்ப மூட்டு உள்பக்கம் சாய்கிறது. அல்லது ஹெட் பண்ணக் குதித்தவன் ஒற்றைக் காலில், மூட்டு விறைப்பாக, இறங்குகிறான். "டப்" என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். ஓரிரு மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் கெடுவது இதற்கப்புறம். "ஒண்ணுமில்லலே, எண்ணெய் போட்டு நீவினா சரியாப் போயிரும்" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்வார். ரத்தம் கசியும் மூட்டை நீவினால் வீக்கம் கூடும். முதல் இரண்டு நாளில் நீவலும் சூட்டு ஒத்தடமும் ஆகாது. துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. எலாஸ்டிக் பேண்டேஜ், காலை இடுப்புக்கு மேலே தூக்கி வைத்தல். பிறகு எலும்பு டாக்டர் கையால் மூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு எம்ஆர்ஐக்கு அனுப்புவார். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநார் தெரியாது. "எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல" என்று வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம்.

அதைவிட மோசமான பொறி மூன்றாவது வாரத்தில் வருகிறது. வீக்கம் வடிந்துவிடும். பையன் நடப்பான், நேராக ஓடுவான், சைக்கிள் மிதிப்பான். ஆறிவிட்டது என்று நினைத்துத் திருவிழாக் கோப்பைக்கு இறங்குவான். முதல் திருப்பத்தில் மூட்டு நழுவும். ஏசிஎல் நேர் ஓட்டத்துக்கு அவ்வளவாகத் தேவைப்படாது, திரும்பும்போதும் நிற்கும்போதும்தான் அது வேண்டும். ஒவ்வொரு தடவை நழுவும்போதும் மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் நசுங்கிக் கிழியும். முதல் காயத்தைவிட இந்த இரண்டாவது சேதம்தான் ஆட்டத்தை ஒரேயடியாக முடிக்கிறது. தசைநாரைப் புதிதாக வைக்கலாம், தேய்ந்த மெனிஸ்கஸுக்கு அப்படி எளிதான மாற்று கிடையாது.

அறுவை அவசரம் இல்லை. வீக்கம் வடிந்து, மூட்டு முழுக்க நீண்டு, தொடை முன்தசை இறுக ஆரம்பித்த பிறகு செய்தால்தான் மூட்டு விறைத்துப் போகாது. பெரும்பாலும் அதற்குச் சில வாரங்கள் ஆகும். அறுந்ததைப் பெரும்பாலும் தைப்பதில்லை. தொடைப் பின்தசையின் நாரையோ, முழங்கால் சிப்பிக்குக் கீழுள்ள நாரையோ எடுத்துப் புதிதாக வைக்கிறார்கள். பின்தசையில் எடுத்தால் வேகமாகப் பின்னோக்கி ஓடுகிறவனுக்கு அந்தத் தசையைத் திரும்ப வலுவாக்கும் வேலை கூடுதல். சிப்பி நாரை எடுத்தால் மண்டியிடும்போதும் குதித்து இறங்கும்போதும் முன்பக்க வலி கொஞ்ச காலம் இருக்கலாம். டாக்டரிடம் "நான் ஸ்டாப்பர், குதித்து ஹெட் பண்ணுகிறவன்" என்று முன்கூட்டியே சொல்லவேண்டும்.

பிறகு வரிசை இது. முதல் இரண்டு வாரம் குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து மூட்டு முழுக்க நீளும்படி விடுதல், ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை. இதை விட்டவன் வாழ்நாள் முழுக்கச் சற்று மடங்கிய காலோடு நொண்டுவான். தொடை முன்தசையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை பிடிப்பது, நேர்க்கால் தூக்குவது. ஆறாவது வாரத்துக்குள் நொண்டாமல் நடை. மூன்றாவது மாதத்துக்குப் பிறகு, வீக்கம் இல்லையென்றால், மெல்லோட்டம். ஐந்தாவது, ஆறாவது மாதம் குதித்து இறங்குதல். முதலில் இரண்டு கால், பிறகு ஒற்றைக் கால், மூட்டு உள்பக்கம் சாய்கிறதா என்று எதிரே நின்று ஒருவர் பார்க்கவேண்டும். ஏழாவது, எட்டாவது மாதம் இடிபடாத பந்துப் பயிற்சி, பிறகு இடிபடும் பயிற்சி. ஆட்டம் ஒன்பது மாதத்துக்கு முன்னால் கிடையாது. ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் பொறுக்கும்போதும் மறுபடி மூட்டு அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மாதக் கணக்கு மட்டும் போதாது, அளந்து பார்க்கவேண்டும். பள்ளி கிரவுண்டில் கோடு கிழித்து, டேப் வைத்து, ஒற்றைக் காலில் ஒரு தாவல். இறங்கிய இடத்தில் ஆடாமல் நிற்கவேண்டும், இல்லையென்றால் கணக்கில் சேராது. நல்ல கால் 160 செ.மீ. தாவினால் அறுவைக் கால் 144ஐத் தாண்டவேண்டும், அதாவது 90 சதவீதம். அதேபோல மூன்று தொடர் தாவல், கோட்டின் குறுக்கே மாறி மாறித் தாவல், 6 மீட்டரை ஒற்றைக் காலில் கடக்கும் நேரம். ஜிம்மில் ஒற்றைக் கால் எடை தூக்கலிலும் 90 சதவீதம். இதில் ஒரு ஏமாற்றம் உண்டு. ஒன்பது மாதம் ஆடாமல் இருந்ததால் நல்ல காலும் இளைத்திருக்கும், இரண்டும் சமம் என்று காட்டும். எனவே காயத்துக்கு முன்பே, சீசன் தொடக்கத்தில், ஒவ்வொரு பையனுக்கும் இரண்டு காலின் தாவலையும் அளந்து நோட்டில் எழுதி வைத்திருக்கவேண்டும். செலவு ஒரு டேப்.

ஜிங்கனுக்கு வேறொன்று உதவியது என்று படுகிறது. அவர் ஒன்பது மாதத்தை எட்டியது 2020 ஜூலையில். நாட்டில் அப்போது எங்கும் பந்து உருளவில்லை. அடுத்த சீசன் நவம்பரில்தான். சாதாரண ஆண்டாக இருந்திருந்தால் கேம்ப், கண்காட்சி ஆட்டம், தேசிய அணி என்று ஏதாவது ஒன்று அவரை முன்கூட்டியே இழுத்திருக்கும். ஊரடங்கு பலரின் ஆட்டத்தைக் கெடுத்தது, இவருடைய மூட்டுக்கு நாலு மாதம் சேர்த்துக் கொடுத்தது. திரும்பி வந்த சீசனில் மோகன் பகான் இறுதி ஆட்டம் வரை போனது. 2021 மார்ச்சில் துபாயில் ஓமனோடு நடந்த ஆட்டத்தில் இந்தியக் கேப்டன் இவர். அந்த ஆண்டு ஏஐஎஃப்எஃப்பின் (அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு) சிறந்த ஆட்டக்காரர் விருதும் இவருக்கே. அர்ஜுனா விருது 2020க்கு உரியது.

காயம் வராமலிருக்கச் செய்யக்கூடியதும் பெரிய செலவில்லை. ஃபிஃபா 11 பிளஸ் என்னும் வார்ம்-அப் 20 நிமிடம். 8 நிமிட ஓட்டம், 10 நிமிடம் வலு, சமநிலை, தாவல், கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். வாரம் இரண்டு தடவையாவது விடாமல் செய்த அணிகளில் காயம் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைந்திருக்கிறது. இதில் ஸ்டாப்பருக்கு முக்கியமானது மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னே சாய்க்கும் பயிற்சி. ஆரம்பத்தில் 3 முதல் 5 தடவை போதும். முதல் நாளே 15 என்று போனால் மறுநாள் படியிறங்க முடியாது, அதோடு விட்டுவிடுவார்கள். பூட்ஸ் இன்னொன்று. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் கிரவுண்டிலும், டர்ஃபிலும், ஈரப் புல்லுக்கான நீள ஸ்டட் போட்டால் பாதம் தரையில் மாட்டிக்கொள்ளும், மூட்டு மட்டும் திரும்பும். குட்டை ரப்பர் ஸ்டட்தான் அங்கே சரி. ஒரு ஜோடி பூட்ஸை வைத்துக்கொண்டு எல்லாக் கிரவுண்டிலும் ஆடுவதென்றால் அந்த ஜோடி குட்டை ஸ்டட்டாக இருக்கட்டும்.

குரோஷியா, பிறகு அட்டைகள்

2021 ஆகஸ்டில் 28 வயதில் குரோஷியாவின் ஷிபெனிக் கிளப்புக்குப் போனார். பயிற்சியிலேயே அடிபட்டு, ஒரு போட்டி ஆட்டமும் ஆடாமல் 2022 ஜனவரியில் மோகன் பகானுக்குத் திரும்பினார். இதைத் தோல்வி என்று கேலி பேசியவர்கள் உண்டு. ஒரு டிஃபெண்டர் புது நாட்டுக்கு, புது பயிற்சி அளவுக்கு, சீசன் தொடங்கிய பிறகு நுழையும்போது முதல் மூன்று வாரம்தான் ஆபத்து. மனசு முதல் நாளே நிரூபிக்கப் பார்க்கும், தசை அந்த வேகத்துக்கு வராது. திசையன்விளையிலிருந்து சென்னை கிளப்புக்குப் போகிற பையனுக்கும் கணக்கு அதேதான். வாரம் மூன்று நாள் ஆடியவன் திடீரென்று ஆறு நாள் ஆடினால் தொடைப் பின்தசை போகும். போவதற்கு ஆறு வாரம் முன்பே ஊரில் நாளைக் கூட்டிக்கொண்டே வரவேண்டும்.

2022ல் பெங்களூருவோடு டூரண்ட் கப், 2023ல் எஃப்சி கோவா. 2023 ஜூலையில் பெங்களூரில் இந்தியா தெற்காசிய நாடுகளின் சாஃப் கோப்பை ஜெயித்தபோது, லெபனானோடு நடந்த அரையிறுதியில் ஜிங்கன் இல்லை. மஞ்சள் அட்டைகள் சேர்ந்துபோய் ஒரு ஆட்டத் தடை. 2025 அக்டோபர் 9 அன்று சிங்கப்பூரில் ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் இரண்டாம் பாதி தொடங்கியதுமே சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு ஆடி இந்தியா கடைசியில் 1-1 ஆக்கியது. அனுபவம் இருந்தாலும் அட்டை வரும். முதல் மஞ்சள் வாங்கிய ஸ்டாப்பர் அதற்கப்புறம் வேறொரு ஆட்டம் ஆடவேண்டும்: கையை முதுகுக்குப் பின்னால் வை, இழுக்காதே, பக்கவாட்டில் சறுக்காதே, ரெஃப்ரியிடம் பேசப் போகாதே. தாண்டிப் போகிறவனைப் பக்கத்து ஸ்டாப்பரிடம் விட்டுவிடு. இது முன்கூட்டியே பேசி வைத்திருந்தால்தான் நடக்கும். ஐஎஸ்எல் லீக் ஆட்டங்களில் நான்கு மஞ்சள் சேர்ந்தால் ஒரு ஆட்டம் போகும். யாருக்கு எத்தனை என்று கோச்சின் நோட்டில் இல்லையென்றால் முக்கிய ஆட்டத்தன்று காலையில்தான் தெரியவரும்.

நடுவில் 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை, சிரியாவோடு கடைசி குரூப் ஆட்டத்தில் காயம். மாதக்கணக்கில் வெளியே. 2025 செப்டம்பரில் ஈரானோடு ஆடும்போது கன்ன எலும்பு உடைந்தது. அடுத்த மாதமே சிங்கப்பூரில் இறங்கினார். இந்த மாதிரித் திரும்பிவருவதைப் பார்த்து "வலியைப் பொறுக்கிறவன்தான் டிஃபெண்டர்" என்று பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது. உடைந்த எலும்பை ஸ்கேன் எடுத்து, தேதி குறித்து, மருத்துவக் குழு அனுமதித்துத் திரும்புவது வேறு. ஊசி போட்டுக்கொண்டு இறுதி ஆட்டத்தில் இறங்குவது வேறு.

காகிதம்

2020 மே மாதம், மூட்டு ஆறிக்கொண்டிருந்தபோதே ஜிங்கனும் கேரளா பிளாஸ்டர்ஸும் பிரிந்தார்கள். அவர் போட்டிருந்த 21ஆம் எண் ஜெர்சியை இனி யாருக்கும் தருவதில்லை என்று கிளப் அறிவித்தது. செப்டம்பரில் மோகன் பகான் எடுத்தது. பெயர் இருந்ததால் காயத்தோடும் கிளப் கிடைத்தது. பெயர் இல்லாத 21 வயது ஸ்டாப்பருக்குக் காயமும் ஒப்பந்த முடிவும் ஒரே மாதத்தில் வந்தால் அறுவைச் செலவு அப்பாவின் தலையில் விழும். எனவே கையெழுத்துப் போடும் முன் பார்க்கவேண்டியது சம்பளத் தொகை மட்டும் இல்லை. எத்தனை மாதச் சம்பளம், காயத்தின்போது சம்பளம் தொடர்கிறதா, காப்பீடு ஆட்டத்துக்கு மட்டுமா பயிற்சிக்கும் சேர்த்தா, ஒப்பந்தம் முடிந்த பிறகும் சிகிச்சைச் செலவு யாருடையது? ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் அதிகபட்சம் 5 ஆண்டு, 18 வயதுக்குக் கீழென்றால் 3 ஆண்டு. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்தபின் ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் "சார் சம்பளம்" என்று அனுப்பியதை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. தேதி போட்ட கடிதமோ மின்னஞ்சலோ வேண்டும்.

அதற்கு முந்தைய படி பதிவு. ஏஐஎஃப்எஃப்பின் சிஆர்எஸ் என்னும் கணினிப் பதிவில் பையன் எந்த வயதில் எந்தக் கிளப்பில் இருந்தான் என்பது ஏறவேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே பிறந்த தேதி இருக்கவேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காகத் தேதியைத் தள்ளிப்போட்ட பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் பலர் சான்றிதழில் உட்கார்ந்திருக்கிறது. வயதுப் பிரிவுப் போட்டியில் மணிக்கட்டு எக்ஸ்ரேயில் மாட்டுவதும் அதனால்தான். இதைப் பதினாறு வயதில் திருத்தப் போனால் சந்தேகம் வரும், பன்னிரண்டில் திருத்தினால் வேலை முடிந்தது.

ஊர்க் கிளப்புக்கும் இதில் காசு உண்டு. ஒரு ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடியும் முன் வெளிநாட்டுக் கிளப்புக்கு விலைக்கு மாறினால், விலையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிகிறது. 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். விலை 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 14 முதல் 17 வயது வரை நான்கு சீசன் பதிவோடு வைத்திருந்த ஊர்க் கிளப்புக்கு 25,000, 25,000, 50,000, 50,000 ஆக ஒன்றரை லட்சம். பதிவு இல்லையென்றால் அந்த நான்கு ஆண்டும் யாருடைய கணக்கிலும் இல்லை.

பிழைப்பின் பாதை ஒன்றை மட்டும் நம்பவும் முடியாது. 2025 ஜூலையில், ஏஐஎஃப்எஃப்புக்கும் லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, புதுப்பிப்பு ஆகவில்லை என்பதால் ஐஎஸ்எல் சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தின. இந்திய அணி ஆட்டக்காரர்களுக்கே அந்த நிலை. பாளையில் கல்லூரியில் படிக்கிற 19 வயது ஸ்டாப்பர் டிகிரியை விட்டுவிட்டுத் தொழில் கிளப்புக்கு ஓடுவதைவிட, பல்கலைக்கழக அணி, மாவட்டங்களுக்கிடையிலான போட்டி, சென்னை சீனியர் டிவிஷன் என்று வரிசையாக ஏறி, சான்றிதழ்களைக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. தெற்கு ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, தமிழ்நாடு போலீஸ் என்று துறை அணிகள் இன்னும் இருக்கின்றன. எந்தப் போட்டியில் எந்த நிலைவரை ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தகுதி என்பது துறைக்குத் துறை மாறும். வேலை அறிவிப்பு வந்தபிறகு சான்றிதழ் தேடினால் கையெழுத்துப் போட்ட செயலாளர் மாறியிருப்பார். ஆட்டம் முடிந்த அன்றே பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, போட்டியின் நிலை, அணி பிடித்த இடம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.